கொன்றவர் யார் என்று தெரியாத வழக்கு தொடராக வரும்போது

உண்மையில் நடந்த ஒரு கொலை. குத்துப்பட்டவர் யார், எந்தப் பகுதியில் குத்துப்பட்டார், எந்த மருத்துவமனையில் உயிர் பிரிந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கொன்றது யார் என்பது மட்டும் கடைசிவரை நிரூபணமாகவில்லை. இப்படிப்பட்ட வழக்கைக் கையில் எடுத்து, தொலைக்காட்சிக்கோ ஓடிடி தளத்துக்கோ எட்டுப் பத்து எபிசோடுகளில் ஒரு தொடர் எடுக்கிறார்கள். உலகம் முழுவதும் இப்போது இந்த வகைத் தொடர்களுக்குப் பெரிய கூட்டம் இருக்கிறது. வட சென்னையில் நம் வீடுகளிலும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவை ஓடுகின்றன. மறுநாள் காலையில் ஆட்டோ நிறுத்தத்திலும் டீக்கடையிலும் "அவன்தான் செய்திருப்பான்" என்று தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடுகிறது.

மர்மக் கதை எழுதுகிறவருக்குக் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும். அதை எவ்வளவு தூரம் ஒளித்துக்கொண்டு போகிறார் என்பதில்தான் அவருடைய திறமை. தீராத வழக்கைத் தொடராக்குகிறவரிடம் ஒளிப்பதற்கே எதுவும் இல்லை. போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் பிடிபடாதது அவருக்கும் பிடிபடாததுதான். ஆனாலும் கடைசி எபிசோடு என்று ஒன்று வந்தே தீரும், அதில் எதையாவது காட்டியாக வேண்டும். பதிவு எந்த இடத்தில் நின்றுபோகிறது, அதற்கு மேல் கற்பனை எந்த இடத்தில் ஏறி உட்காருகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் இந்த வகைத் தொடர்கள் முற்றிலும் வேறாகத் தெரியும். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. புரசைவாக்கத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவிலேயே ஒன்று கிடக்கிறது.

வேப்பேரி, 1944

சி. என். லட்சுமிகாந்தன் ஒரு பத்திரிகையாசிரியர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அதில் சரக்கு. வாசகர்கள் ஆவலோடு வாங்கினார்கள், எழுதப்பட்டவர்கள் கொதித்தார்கள். திரையுலகினர் அப்போதைய கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள், பத்திரிகையின் உரிமம் ரத்தானது. அவர் ஓயவில்லை. 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைக் கையில் எடுத்து அதே வேலையைத் தொடர்ந்தார். சினிமாக்காரர்களோடு நிற்காமல் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றியும் எழுதினார். பகை பல திசைகளிலும் வளர்ந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் இருந்த வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தபோது வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். இன்று மாநகர போலீஸ் ஆணையர் அலுவலகம் இருக்கும் அதே வேப்பேரிதான். குத்துப்பட்டவர் அந்த இடத்திலேயே விழுந்து இறந்துவிடவில்லை. பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மறுநாள் இறந்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சதிக் குற்றச்சாட்டில் கைதானார்கள். வேறு சிலரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அன்றைக்கு அது எத்தனை பெரிய இடி என்பதை இப்போது விளக்குவதே கடினம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாட்டு நடிகரும் மிகப் பெரிய நகைச்சுவை நடிகரும் ஒரே வழக்கில் கைதிகள்! பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது. பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதாநாயகன் சிறையில் இருந்த நாட்களிலும் ஜார்ஜ் டவுனில் அவர் குரல் ஒலித்துக்கொண்டேயிருந்தது. வழக்கு நடந்த உயர் நீதிமன்றமோ அதே ஜார்ஜ் டவுனின் தெற்கு ஓரத்தில், நடந்தே போய்விடும் தூரத்தில். திரைக்கதை எழுதுகிறவர் எதையும் கற்பனை செய்ய வேண்டாத இடம் இது. உள்ளதை உள்ளபடி வைத்தாலே பார்ப்பவர் நெஞ்சு கனக்கும்.

உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் (குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்பட்டவர்கள்) முன்னிலையில் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார், அவருடைய சாட்சியம் வழக்கில் பெரும்பங்கு வகித்தது. ஸ்ரீராமுலு நாயுடு விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டார். 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. அன்றைய கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி அது சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. கிருஷ்ணன் மறுபடி எழுந்து நின்று படங்களில் நடித்தார், இயக்கவும் செய்தார். 1957இல் காலமானார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவேயில்லை. 1959இல் அவரும் போய்விட்டார்.

அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொல்லச் செய்தவர் யார்? அதற்கு எந்த நீதிமன்றமும் நிலைத்து நிற்கும் விடை சொல்லவில்லை.

தீராத வழக்கு என்றால் என்ன?

கொலை நடந்ததும் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. புலனாய்வு நடக்கிறது. சான்றுகள் போதுமென்றால் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். போதாது என்றால், துப்புத் துலங்கவில்லை என்று நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை வைக்கிறார்கள். அதோடு கதவு பூட்டப்பட்டுவிடுவதில்லை. புதிய சான்று கிடைத்தால் மேற்கொண்டு புலனாய்வு செய்ய நம் சட்டம் இடம் தருகிறது. கொலைக் குற்றத்துக்கு இத்தனை ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்ற காலவரம்பும் இந்தியாவில் கிடையாது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவரைக் கைது செய்யலாம்.

இது ஒரு வகை: ஆள் யாரென்றே தெரியாத வழக்கு. லட்சுமிகாந்தன் வழக்கு இன்னொரு வகை. ஆட்களைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள், தண்டித்தார்கள், பிறகு விடுதலை செய்தார்கள். கூண்டில் இருந்தவர்கள் வெளியே வந்ததும் கூண்டு காலியாகவே நின்றுவிட்டது. தொடர் எடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டாம் வகையின் மேல்தான் ஆசை அதிகம், ஏனென்றால் பெயர்கள் தயாராக இருக்கின்றன. ஆபத்து அதிகமாக இருப்பதும் இதில்தான்.

விடுதலை என்பதும் ஒரு தீர்ப்பு. இதை நம் ஊரில் பலர் ஏற்பதில்லை. "சாட்சி இல்லாததால் தப்பித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு. அது முடியாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாகவே வீட்டுக்குப் போகிறார். அரைக் குற்றவாளி என்று ஒரு நிலை சட்டத்தில் இல்லை. ஒரு தொடர் அந்த மனிதரையே மறுபடி கத்தியோடு காட்டினால், உயர் நீதிமன்றம் சொன்னதை வரவேற்பறையில் உட்கார்ந்து நாம் ரத்து செய்கிறோம் என்று பொருள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆளவந்தார் கொலை வழக்கு உதவும். அதுவும் வட சென்னை வழக்குதான். 1952 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனைச் சேர்ந்த பேனா வியாபாரி ஆளவந்தார் காணாமல் போனார். தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் ரயிலில் பயணம் செய்து மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. மருத்துவ அறிஞர்கள் இரண்டும் ஒருவருடையவையே என்று நிறுவினார்கள். ராயபுரத்தில் குடியிருந்த ஒரு தம்பதி கைதாகித் தண்டனை பெற்றார்கள். இந்த வழக்கைத் தொடராக்கினால் எழுத்தாளருக்கு முடிவு தெரியும். ஏன் நடந்தது, அந்த மூவரின் மனத்திலும் என்ன ஓடியது என்று தேடிப் போகலாம். லட்சுமிகாந்தன் வழக்கில் முடிவே கையில் இல்லை. இரண்டையும் "உண்மைக் குற்றக் கதை" என்று ஒரே பெட்டிக்குள் போடுவது தவறு.

கேமராவுக்கு முகம் வேண்டும்

எழுத்தில் "யாரோ குத்தினார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட முடியும். கேமராவால் முடியாது. கத்தி பிடித்த கைக்கு ஒரு உடல் இருக்கிறது, உடலுக்கு ஒரு முகம் இருக்கிறது. முகத்தைக் காட்டினால் குற்றம் சாட்டியதாகிவிடும். மறைத்தால், எதற்காக மறைக்கிறார்கள் என்று பார்வையாளர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். தீராத வழக்கைப் படமாக்குவதில் உள்ள எல்லாச் சிக்கலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி "நான் பார்த்தேன்" என்று சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெளிச்சம் எப்படி இருந்தது, இதை முதல் நாளே போலீசிடம் ஏன் சொல்லவில்லை என்று துளைப்பார். திரையில் ஓடும் காட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற உணர்வு ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், "இது கற்பனைக் காட்சி" என்று பிறகு ஆயிரம் முறை எழுத்துப் போட்டாலும் மனம் கேட்காது.

நல்ல இயக்குநர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவர் சொல்கிறபடி தனித்தனியாகக் காட்டுவது ஒன்று. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இதைத் தமிழில் அழகாகச் செய்தது. போர்க்காலச் சென்னையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார், விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் கொலை எப்படி நடந்திருக்கும் என்று தம் கணக்கைச் சொல்ல, அத்தனையும் படமாக விரிகின்றன. பாட்டே இல்லாத படம். அது கற்பனைக் கதை என்பதால் கடைசியில் விடையைச் சொல்லிவிட்டது. தீராத வழக்குக்கு அதே முறையைக் கையாளலாம், ஆனால் விடை சொல்லாமல் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும், ஏனென்றால் "கடைசியில் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று திட்டுவார்கள். திட்டட்டும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்த ஒரு தொடரை நான் பத்து மடங்கு மதிப்பேன்.

இன்னும் சில வழக்கமான கைவேலைகளையும் அறிந்துகொள்வது நல்லது. வழக்கில் ஆறேழு போலீஸ் அதிகாரிகள் மாறி மாறி வந்திருப்பார்கள், தொடரில் அவர்களை ஒரே இன்ஸ்பெக்டராகச் சேர்த்துவிடுவார்கள். மூன்று ஆண்டுகள் நடந்ததை மூன்று மாதமாகச் சுருக்குவார்கள். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஒரு அதிர்ச்சி வேண்டும் என்பதால் ஒவ்வொருவராகச் சந்தேக வளையத்துக்குள் தள்ளுவார்கள். முதல் இரண்டும் பெரிய குற்றமில்லை. கதை சொல்ல அவை தேவைப்படும். மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும். லட்சுமிகாந்தனுக்குப் பல திசைகளில் பகை இருந்தது என்று மேலே சொன்னேன். பத்து எபிசோடு நிரப்புவதற்காக அந்தப் பகைவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் கேமராவை நிறுத்தி, பின்னணி இசையைக் கூட்டினால், எந்தச் சான்றும் இல்லாமலே பத்துக் குடும்பங்களின் மேல் கறை விழுகிறது.

கொரியாவில் நடந்தது

தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986க்கும் 1991க்கும் இடையில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுக்கணக்காகத் தேடியும் கொலையாளி சிக்கவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி அப்போது கொலைக்கும் காலவரம்பு இருந்தது, 2006இல் அதுவும் முடிந்துபோனது. 2003இல் இந்த வழக்கை வைத்து வந்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. 2016இல் 'சிக்னல்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. பழைய வாக்கிடாக்கி ஒன்றின் வழியாக இன்றைய துப்பறிவாளர் ஒருவர் இறந்தகாலத்துப் போலீஸ்காரரோடு பேசுகிறார் என்பது அதன் கற்பனை. தொடரில் வரும் வழக்குகளில் ஒன்று ஹ்வாசோங்கைத் தழுவியது. தொடர் தன் கொலையாளியைத் தானே படைத்துக்கொண்டது.

2019இல் பழைய சான்றுப் பொருள்களை மறுபடி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார்கள். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவரோடு அது பொருந்தியது. அவர் ஒப்புக்கொண்டார். தொடரும் படமும் ஊகித்த எவரும் அவர் இல்லை.

இதைவிட என்னைத் தைத்த செய்தி வேறு. அந்தப் பத்துக் கொலைகளில் ஒன்றுக்காக ஒரு இளைஞரை 1989இலேயே பிடித்துத் தண்டித்திருந்தார்கள். சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். அந்தக் கொலையையும் செய்தது தானே என்று உண்மையான கொலையாளி சொன்ன பிறகு மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில்தான் அவர் நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தது. இப்படிப்பட்ட ஒரு மனிதர், வெளியே வந்த பிறகு, தன் வழக்கைத் தழுவிய ஒரு கதையைத் திரையில் பார்க்க நேர்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஊகம் விளையாட்டாக இருப்பது நமக்கு மட்டும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

உண்மை வழக்கைத் தொடராக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இதற்கு அடிப்படையான தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கில் பிறந்ததுதான். மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. சிறைத்துறை அதைத் தடுக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994இல் வந்த தீர்ப்பு சொன்னது இதுதான்: ஒருவருடைய அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நீதிமன்ற ஆவணம் முதலிய பொதுப் பதிவுகளில் இருப்பதை அவர் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். பதிவுகளைத் தாண்டிப் போனால், போகிறவர் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பாலியல் குற்றங்களுக்கு உள்ளானவர்களின் பெயர் மட்டும் பொதுப் பதிவில் இருந்தாலும் வெளியே வரக் கூடாது. தீராத வழக்குக்கு இது சரியான எல்லைக்கோடு. தீர்ப்பில் உள்ள வரை பாதுகாப்பு, அதற்கு மேல் எழுத்தாளரின் சொந்தப் பொறுப்பு.

இறந்தவர்களைப் பற்றியது என்றால் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்ற அளவுக்கு ஒரு குற்றச்சாட்டு இருந்து, அது குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லப்பட்டிருந்தால் இறந்தவர் விஷயத்திலும் அவதூறு ஆகலாம் என்று நம் குற்றவியல் சட்டம் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

தொடரின் தொடக்கத்தில் "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்று ஓர் அட்டை வரும். அடுத்த நொடியே "இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே" என்று இன்னொன்று வரும். முதல் அட்டை நம்மை உட்கார வைப்பதற்கு, இரண்டாவது வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதற்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, எந்தப் பகுதி உண்மை என்று சொல்லும் பொறுப்பைத் தயாரிப்பாளர் கைகழுவிவிட்டார் என்பதுதான் விளங்கும். தியேட்டரில் ஓடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். ஓடிடி தொடருக்கு அப்படி முன்தணிக்கை இல்லை. எந்த வயதினர் பார்க்கலாம் என்று தளமே வகைப்படுத்திக்கொள்கிறது. அந்த வகைப்பாடு வன்முறையையும் மொழியையும் பார்த்துச் செய்யப்படுவது. உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

கொல்லப்பட்டவரும் அந்தத் தெருவும்

லட்சுமிகாந்தன் எழுதியது மஞ்சள் எழுத்துத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாகவதருக்காகவும் கிருஷ்ணனுக்காகவும் உருகுகிற அளவில் நூற்றில் ஒரு பங்குகூடக் குத்துப்பட்டவருக்காக உருகுவதில்லை. கொலையுண்டவர் நல்லவராக இருந்தால்தான் நீதி கேட்போம் என்றால் அது நீதியே அல்ல. தொடர்களில் இந்தக் குறை மிகுதி. கொல்லப்பட்டவர் முதல் எபிசோடில் ஒரு உடலாக வருவார், அல்லது சாகத் தகுந்தவராகக் காட்டப்படுவார். அவருக்காகப் பேச நீதிமன்றத்திலும் ஆள் கிடைக்கவில்லை, திரையிலும் கிடைப்பதில்லை.

தெருவுக்கும் அப்படித்தான். எங்கள் பகுதிகளைத் திரையில் காட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காசிமேடு என்றால் அரிவாள், வியாசர்பாடி என்றால் துரத்தல், புளியந்தோப்பு என்றால் கஞ்சா. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது இந்தப் பகுதியில்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் வளர்ந்த தெருக்கள் இவை. கற்பனைப் படத்தில் அவதூறு செய்தாலே வலிக்கிறது. உண்மை வழக்கு என்று சொல்லிக்கொண்டு, கொலையாளியின் முகம் தெரியாத இடத்தில் "பேட்டை ரவுடி" ஒருவனை வைத்து நிரப்பினால் அது இன்னும் கொடுமை. பதிவில் ஓட்டை இருக்கும் இடத்தில் எல்லாம் ஏழையின் முகத்தை ஒட்டுவது சுலபம், அவன் வழக்குப் போடப் போவதில்லை.

ஆகவே ஒரு தொடரைப் பார்க்கும்போது காலத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். 1940களின் சென்னை என்றால் டிராம் ஓட வேண்டும், அது 1953 வரை ஓடியது. கைரிக்‌ஷா இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அதை ஒழித்தது 1970களில்தான். உயர் நீதிமன்றக் காட்சியில் ஜூரிகள் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்று நம் குற்றவியல் நீதிமன்றங்களில் அந்த முறை இல்லை. இவை சின்ன விஷயங்கள் அல்ல. இதைத் தேடிப் படித்தவர்கள் தீர்ப்பையும் படித்திருப்பார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. ஜூரியை மறந்தவர்கள் சான்றையும் மறந்திருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பது சட்டம். ஆனால் தொடரில் அடித்து வாங்கிய ஒப்புதலே உச்சக்கட்டக் காட்சியாக இருக்கும். மரண வாக்குமூலம் ஏற்கப்படும், ஆனால் அதன் நம்பகத்தன்மை ஆராயப்படும். அப்ரூவர் சொல்வதற்கு வேறு சான்றின் துணை இருக்கிறதா என்று நீதிபதிகள் தேடுவார்கள். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே பாதித் தொடர்களின் "அதிரடித் திருப்பம்" நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது என்பது விளங்கிவிடும்.

தொடர் பிடித்துப்போய் மேலும் அறிய விரும்பினால் தீர்ப்பைத் தேடுங்கள். பழைய வழக்குகளின் முக்கியமான தீர்ப்புகள் சட்ட இதழ்த் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன, சட்ட நூலகங்களில் கிடைக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே இலவசமாக இருக்கின்றன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் வழக்கு விசாரணையை நாள்தோறும் விரிவாகப் போடுவார்கள். ஒரு வாரத்துச் செய்தியைப் படித்தாலே தொடர் எதை விட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

ஒரு தொடர் உங்கள் குடும்பத்தையோ தெருவையோ பொய்யாகக் காட்டியிருக்கிறது என்று தோன்றினால் எழுதிக் கேட்கலாம். ஓடிடி தளங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், வரும் புகாருக்கு 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021 விதிகள் கூறுகின்றன. தொலைக்காட்சிச் சேனல்களுக்கும் அதே ஆண்டு இதே போன்ற ஏற்பாடு வந்தது. புகாரில் எபிசோடு எண், காட்சி வரும் நிமிடம், தீர்ப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். "எங்கள் மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் அச்சடித்த பதில் ஒன்று வரும். தீர்ப்பின் பத்தியைக் காட்டி எழுதினால் அவர்களுடைய வழக்கறிஞர் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.